ஆப்பிள் வாசனை

சிலோயே தீவில் ஆகஸ்ட் மழை.
படகில் இரண்டு மணி நேரம் வந்தவர்
நாற்காலியில் சாய்ந்ததும் சொன்னார்:
"இந்த ஒன்றை மட்டும் பிடுங்கிவிடுங்கள், டாக்டர்.
மூன்றரைக்குத் திரும்பும் படகு."

எலெயூத்தேரியோ நவெல்கின், எழுபத்து நான்கு.
ஈறு தொட்டதும் ரத்தம்.
நாக்கு, கரையில் காய்ந்த பாசி.
மூச்சில் பழுத்த ஆப்பிள்.

போன முறையும் இதே வாசனை.
அட்டையில் என் கையெழுத்து:
'சிச்சா குடிக்கிறார். அறிவுரை கூறப்பட்டது.'
ஆப்பிளைப் பிழிந்து புளிக்கவைக்காத வீடு
இங்கே எது?

"இன்று எத்தனை கோப்பை?" என்றேன்.
முகக்கவசத்துக்குள் சிரித்தும் இருப்பேன்.

"எர்மிந்தா போனபின் தொடவில்லை. தண்ணீர்தான்.
ராத்திரி ஐந்து முறை எழுகிறேன்,
கிணறே வற்றிவிடும்போல."

கையில் குறடு.
படிக்கும்போது எனக்கு எல்லை போட்டுத் தந்திருந்தார்கள்:
உதடு முதல் உள்நாக்கு வரை.
அதற்கப்பால் வேறொருவர் நாடு.

குறடை வைத்துவிட்டு
விரலை நீட்டச் சொன்னேன்.
"பல் வாயில் இருக்கிறது, டாக்டர்," என்றார்
மிகப் பொறுமையாக.

ஒரு சொட்டு.
கருவி எண் காட்டவில்லை,
'உச்சம்' என்று மட்டும் காட்டியது.

ஆம்புலன்ஸ் படகுக்குச் சொல்லியாயிற்று.
மூன்றரைப் படகு கிளம்புவதை
ஜன்னல் வழியே பார்க்கிறார்,
அந்தப் பல்லை நாக்கால் ஆட்டியபடி.

நான் பழைய அட்டைகளை இறக்குகிறேன்.
'சிச்சா' என்று இன்னும் யார் யாருக்கு
எழுதி வைத்திருக்கிறேனோ.