நான்கு சென்டிமீட்டர்

நாய் விற்ற காசு குரைக்காது,
கருவாடு விற்ற காசு நாறாது
என்று சொல்லிவைத்தவர்
கிடான்ஸ்க் பக்கம் வந்ததில்லை.

இங்கே நாறியது.
ஹால்ஷ்கா கொண்டுபோன சில்லறையை
வங்கிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
பென்சிலின் பின்முனையால் நகர்த்தி நகர்த்தி எண்ணுவாள்.
இருபது ஸ்லோட்டித் தாள் ஒன்று
பூக்கடைக்குப் போய், மருந்துக்கடைக்குப் போய்,
மாதாகோவில் உண்டியலில் விழுந்த பிறகும்
புகைபோட்ட கானாங்கெளுத்தியாகவே இருந்ததாம்.
பாதிரியார் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
சிரித்துக்கொண்டு சொன்னதைத்தான்
அவள் மறப்பதே இல்லை.

போன நவம்பரில் தம்பி க்னியெவ்கோ
உள்ளங்கை அகலத்தில் ஓர் இயந்திரம் கொண்டுவந்தான்.
அவனுக்கு டிராம் பணிமனையில் இராவேலை:
பயணச்சீட்டு அச்சடித்த பழைய பெட்டிகளைக் கழற்றி
அட்டை படிக்கும் புதியவற்றைக்
கம்பிக்குக் கம்பி திருகுவது.
"நாலு சென்டிமீட்டர்" என்றான் அக்காவிடம்.
"அதுக்குள்ள வந்தா போதும். தொட வேண்டாம்.
தொட்டாலும் கூட ஒண்ணும் கிடைக்காது."

வரிசையில் நானும் நின்றேன்.
ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார்.
ஒருத்தி கையுறையைக் கழற்றாமலே
கைபேசியின் முதுகைக் காட்டினாள்.
ஒரு சிறுவன் புத்தகப்பையை அப்படியே தூக்கிக் காட்ட,
உள்ளே எங்கோ கிடந்த அம்மாவின் அட்டை
பீப் என்றது.
எனக்கு முன்னால் நின்ற கிழவருக்கு மட்டும்
சிவப்பு.
மறுபடியும் சிவப்பு.
காசு இல்லை என்பதை
முன்பெல்லாம் பையைத் துழாவித் துழாவி
மெதுவாகச் சொல்ல முடிந்தது.
இது அரை நொடியில் சொல்லிவிட்டது, வரிசைக்கே கேட்கும்படி.
ஹால்ஷ்கா இரண்டு சாளை மீனைத் தாளில் சுற்றி
"மெஷின் சரியில்லை" என்று நீட்டினாள்.
அடுத்து என் அட்டைக்கு
அது சரியாகவே இருந்தது.

தொடாமல் வாங்குவதற்கும் தொடாமல் கொடுப்பதற்கும்
என் மொழியில் பழைய சொல் ஒன்று உண்டு.
இந்தச் சின்ன இயந்திரத்தின் மேல் அதை எழுத
எனக்குக் கை வரவில்லை.

டிசம்பருக்குள் கல்லாப்பெட்டி காலி.
பூண்டும் பிரிஞ்சி இலையும் அதில் குடிவந்தன.
காசு அவள் கைக்கு வராமலே
வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது,
குளித்துவிட்டுப் போன மாதிரி.
பென்சில் பெண்ணுக்கு வேறு கிளைக்கு மாற்றல்.

ஆக, மீன் விற்ற காசு நாறவில்லை,
பழமொழி ஒருவழியாக மெய்யாயிற்று.
மீன் விற்றவள்?
மாலை ஆறு இருபதுக்கு மூன்றாம் எண் டிராமில் ஏறி
தம்பி திருகிய பெட்டியில் அட்டையைக் காட்டுவாள்.
எல்லோருக்கும் எரியும் அதே பச்சை அவளுக்கும் எரியும்.
உட்கார்வாள்.
நின்றுகொண்டு போவார்கள் ஜனங்கள்,
அவள் பக்கத்து இருக்கை
காலியாகவே வரும்
கடைசி நிறுத்தம் வரை.
அந்த இடைவெளியை அவள் அளந்ததில்லை.
நாலு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும்.

பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை,
காதில் பாட்டு மாட்டிய ஓர் இளைஞன்
விலாங்கு வாங்கினான். அட்டையைக் காட்டினான். பீப்.
பதினெட்டு வருஷப் பழக்கம் போகுமா?
மீதிச் சில்லறை கொடுக்கிற நினைப்பில்
எண்ணெய் மின்னும் வெறுங்கையை
ஹால்ஷ்கா நீட்டிவிட்டாள்.

அவன் ஒரு கணம் விழித்தான்.
பிறகு, இந்தக் கடையில் இதுதான் வழக்கமோ என்று
பிடித்துக் குலுக்கினான்.
நன்றாகவே குலுக்கினான்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.
கையை ஏப்ரனில் துடைத்தாள்,
யார் கையை யார் துடைப்பது என்று தெரியாமல்.

அவன் அதற்குள் ஓடிப்போய் டிராமைப் பிடித்துவிட்டான்.
பச்சை எரிந்திருக்கும்.
மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியிருப்பான்.
ஒவ்வொருவராகத் திரும்பி
யார், யார் என்று தேடியிருப்பார்கள்.