பாக்கி

பகாவ் பழைய இரும்புக் கடையில்
ஆ லோக் அதை எடைக்குப் போடத்தான் வைத்திருந்தான்.
"கலர்மா, கலர்" என்று
உள்ளே மீன் இருப்பதுபோல் கண்ணாடியைத் தட்டிக் காட்டினான்.
நாற்பது வெள்ளி.
முப்பத்தைந்துக்குப் பேசி முடித்தேன்.
மிச்ச ஐந்துக்கு ஒரு கட்டு பெத்தாய் கேட்டான்,
கொடுத்தேன்.

செனவாங் ஆலையில் பத்தொன்பது வருஷம்
பூதக்கண்ணாடிக்குக் கீழே ஈயம் வைத்தவள் நான்.
எறும்பின் முழங்கால் அளவில் உறுப்புகள்.
இதற்குள் எல்லாமே தாராளம்:
பிஞ்சுக் கத்தரிக்காய்போல் டியூப்புகள்,
மெழுகு வழிந்த கண்டென்சர்கள்,
பல்லி முட்டை மூன்று,
ஒரு கோடாலித் தைலப் புட்டியின் மூடி.

திருப்புளியில் கம்பி கட்டி
படக்குழாயின் ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்தேன்.
முதல் நாள் ஒன்றுமில்லை.
பத்தாவது வாரம், ஓடவிட்டு அணைத்த பிறகு,
அதே இடத்தில்
நீலமாய் ஒரு கடி.
திருப்புளி எகிறிப் போய் மாவுச் சட்டியில் விழுந்தது.
அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இடையில், ஆறாவது வாரமோ ஏழாவதோ,
பின்பலகையைத் தூரிகையால் தட்டும்போது
தூசிக்கு அடியிலிருந்து பென்சில் எழுத்து.
லயத்து வசூல். தலைக்கு நாற்பது வெள்ளி.
ராமண்ணா, சரி.
குஞ்ஞம்பு, சரி.
ஆரோக்கியமேரி, இரண்டு தவணை, சரி.
மேல்லயம் சின்னப்பட்டு, கோழி விற்று, சரி.
பதினாறு பேர் சரி.
பதினேழாவது
வீராசாமி, 35. பாக்கி 5.
பெயர்மேல் ஒரு கோடு.
அடிக்கோல் வைத்து, அவசரமில்லாமல் போட்ட கோடு.

கலர் கண்ணைக் கெடுக்கும் என்பார் அப்பா.
அதனால்தான் எங்கள் வீட்டில் யாரும்
மன்றத்துப் பக்கம் போகக் கூடாது.
நம்பினேன்.
பள்ளியில் மற்ற பிள்ளைகளை எச்சரித்தும் இருக்கிறேன்.
ஐம்பத்திரண்டு வயது வரைக்கும்
அது எனக்கு மருத்துவச் செய்தி.

அந்த முப்பத்தைந்தைத் திருப்பித் தந்தார்களா,
பலகை சொல்லவில்லை.

டியூப்புகள் சூடேறச் சற்று நேரம் பிடிக்கும்.
முதலில் கழுத்துக்குள் ஊதுபத்தி நுனி அளவு சிவப்பு.
பிறகு ஒரு கூவல் எழுமாம். எனக்குக் கேட்கவில்லை.
பக்கத்து வீட்டு ஹயாத்தியின் மகள்
காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
இந்த வயதில் அந்தச் சத்தம்
எனக்கு இல்லையென்று ஆகிவிட்டது. போகட்டும்.

பிடிப்பதற்கு வானில் ஒன்றும் இல்லை.
பழைய அலைவரிசையை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.
ஆகவே சோதனைப் பெட்டியிலிருந்து
வெறும் கட்டம் அனுப்பினேன்:
கறுப்பில் வெள்ளைக் கோடுகள், கோலத்துக்கு முந்தின கட்டம்.

வெள்ளை என்று எதுவும் வரவில்லை.
ஒவ்வொரு கோடும் மூன்றாய்ப் பிரிந்து நின்றது,
சிவப்பு, பச்சை, நீலம்,
ஒரே பந்தியில் முகம் கொடுக்காத பங்காளிகள்.
இருபது திருகாணிகள்.
ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும்.
நான்கு இரவு.
நடுவில் சேர்ந்துவிட்டன, சுத்தமான வெள்ளை.
இடது ஓரத்தில் மட்டும்
சிவப்பு ஒரு மயிரிழை தள்ளியே நிற்கிறது.
கிழட்டுக் குழல், அதற்கு வலு அவ்வளவுதான்.
அதற்குமேல் திருகவில்லை.

நேற்று சிரம்பானிலிருந்து ஹபீசுதீன் என்று ஒருவன் வந்தான்.
காப்பிக் கடை திறக்கிறானாம்.
எண்ணூறு வெள்ளி தருவதாகச் சொன்னான்.
"ஓடலைனாலும் பரவாயில்லை, அக்கா.
உள்ளே இருக்கிறதை எடுத்துட்டு
மீன் தொட்டி வைக்கப் போறேன்."

எனக்கு ஆ லோக் தட்டின கண்ணாடி ஞாபகம் வந்தது.

பின்பலகை சுவரில் சாய்ந்திருந்தது,
எழுத்து உள்பக்கமாக.
சுவிட்சைத் தட்டினேன்.
காத்திருந்தான், கைப்பேசியை இரண்டு தரம் பார்த்தான்.
ஊதுபத்திச் சிவப்பு.
பிறகு திரை.

"என்ன ஓடுது இதில்?" என்றான்.

கோடு, என்றேன்.