ஆறாவது கேசரி

ஆரப்பாளையம் இரவுக் காப்பகத்துக்கு
தீபாவளியன்று காலை பத்து மணிக்குத்
தூக்குவாளியோடு போனேன்.
எனக்கு முன்னால் ஐந்து கேசரி வந்துவிட்டிருந்தது.
ஒரு நகைக்கடை, ஒரு வக்கீல் சங்கம்,
யாரோ ஒருவரின் பேத்திக்குப் பிறந்தநாள் வேறு.

"சுகர் இருக்கு தம்பி" என்றார் பேச்சிக்காளை,
மூடியைத் திறந்து வாசம் மட்டும் பிடித்துவிட்டு.
"புளிக்கொழம்புன்னா சொல்லு."

கரண்டி பிடிக்க வந்தவனுக்குக்
கரண்டி வேலை இல்லை.
பாத்திரம் கழுவ நாலு கல்லூரிப் பிள்ளைகள்,
ஒரே பனியன், முதுகில் ஒரே வாசகம்,
படம் எடுக்கத் தனியாக ஒருவன்.

போகலாமென்று செருப்பைத் தேடுகையில்
வெளியே பத்தாயிரம் வாலா பற்றிக்கொண்டது.

கட்டிலுக்கடியிலிருந்து ஒச்சம்மா கத்தினாள்:
"ஏப்பா, இதோட காதைக் கொஞ்சம் பொத்து.
எனக்கு ரெண்டு கைதான்,
என் காதுக்கே சரியாப் போச்சு."

செவலை நாய்.
உள்ளே விடக்கூடாதென்று சுவரில் இருக்கிறது,
ஏழாவது விதி.
வாட்ச்மேன் ஜெயசீலன் அந்தச் சுவருக்கு
முதுகைக் காட்டி நின்றார்.

குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன்.
புதுச் சட்டையில் பினாயில் ஈரம்.
உள்ளங்கைக்குள் அதன் காது
அறுந்த பல்லிவால் போலத் துடித்தது.

வெடி ஓய்ந்தது. கையை எடுக்கப் போனேன்.
"இருப்பா. பக்கத்து வீட்டுக்காரன் இனிமேதான் வைப்பான்.
வருசா வருசம் அவன் லேட்டு."

எத்தனை வருசமாய் என்று
நான் கேட்கவில்லை.
தூக்குவாளியில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது.
பக்கத்து வீட்டுக்காரனுக்காக
மூன்று பேரும் காத்திருந்தோம்.