பதினேழாவது தகடு

முதல் படத்தில் மூன்று வட்டங்கள்:
ஆய்வு, கற்பித்தல், தொழில்.
மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற நடுவில்
கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் இடம்.
அதற்குள் யாரும் எதுவும் எழுதவில்லை.

ஒப்பந்தம் நூற்று நாற்பது பக்கம்.
பின்னிணைப்பு நான்கில் யாருக்கு எத்தனை விழுக்காடு,
ஐந்தில்
மனம் கசந்தால் எந்த ஊர் நீதிமன்றம்.
ஆறு பல்கலைக்கழகங்கள், இரண்டு கப்பல் பட்டறைகள்,
ஒரு பெயிண்ட் கம்பெனி,
சிங்கப்பூர்க் கிளைக்கு
நான் செயலாளர்.
பேசுவது அவர்கள். பேசியதாக எழுதுவது நான்.

பிரெஸ்ட்டில் காலை ஒன்பது,
ஜூரோங்கில் மாலை நான்கு.
திரையில் அங்கே கம்பளிக் கழுத்துகள்,
இங்கே ஏசிக்குப் பயந்த ஸ்வெட்டர்கள்.
வெளியிலிருந்து பார்த்தால்
எல்லோருக்கும் ஒரே பனிக்காலம்.

விஷயம் கொட்டலசு.
கப்பலின் அடிவயிற்றில் ஒட்டி
எண்ணெய்ச் செலவை ஏற்றிவிடுகிற
சுண்ணாம்புக் குடிசைவாசி.
அது ஒட்டாத பூச்சு ஒன்றைத் தேடித்தான்
இத்தனை கையெழுத்தும்.

இரண்டு கடலிலும் இருபத்து நான்கு இருபத்து நான்கு தகடுகள்.
அவர்கள் கடல் யோசித்து யோசித்து
எட்டு மாதத்தில் சொல்கிற பதிலை
துவாஸ் மூன்று வாரத்தில் சொல்லிவிடும்.
எங்கள் தண்ணீர் வெதுவெதுப்பு,
அவசரம்,
எங்களைப் போலவே.

"வெள்ளிக்குள் ஒரு வரைபடம் கிடைக்குமா?"
இது பட்டறையின் கோ பெங் சூன்.
"இன்னும் ஒரு கோடை வேண்டும்."
இது முனைவர் மயேல் கெர்வெல்லா.
"இரண்டு ஆய்வேடுகள் இதில்தான் தொங்குகின்றன."
இது எங்கள் பேராசிரியர் வாகீசன்,
மௌனத்தை அணைக்க மறந்து
கோப்பி உறிஞ்சும் சத்தத்தோடு.

தகடுகள் உண்மையில் தொங்கியது
துவாஸ் படகுத்துறையில்,
ஜுல்கிஃப்லி முடிந்த கயிற்றில்.
செவ்வாய்தோறும் அவர் இழுக்க
ஹஸ்வினி எண்ணுவாள்.
பாலிடெக்னிக்கிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவள்,
படத்தில் எந்த வட்டம் என்று
யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய் அவள் அனுப்பிய படம்:
பதினேழாவது தகடு.
ஐரோப்பியப் பூச்சின்மேல், விலையுயர்ந்த மௌனத்தின்மேல்,
நகரமே எழும்பியிருக்கிறது;
புளோக் புளோக்காக, ஜன்னல் வைத்து.
ஆனால் நடுவே
ஒன்றும் ஏழும் மட்டும்
துடைத்துவைத்த மாதிரி.

எண்ணை எதில் எழுதினாய் என்று கேட்டார்கள்.
மார்க்கர் முதல் வாரமே கரைந்துபோனதால்
பையில் கிடந்த நகப்பூச்சில்.
செர்ரிச் சிவப்பு.
மூன்று வெள்ளி தொண்ணூறு.

பிரெஸ்ட்டில் ஒருவர் சிரித்து, நிறுத்திக்கொண்டார்.
பெங் சூன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.
பெயிண்ட் கம்பெனி வழக்கறிஞர்
பின்னிணைப்பு நான்கைத் திறக்கும் சத்தம்
எனக்குக் கேட்டது.

மற்ற இருபத்து மூன்றிலும் அதே பூச்சுதானே,
அங்கெல்லாம் எண்ணையும் தின்றிருக்கிறதே
என்றார் மயேல்.
ஆமாம், பன்னிரண்டோடு ஒரு குப்பி தீர்ந்தது,
பிறகு வேறு வாங்கினேன்,
பதினேழுக்கு மட்டும் தங்கையுடையது
என்றாள் ஹஸ்வினி,
கேட்பவர்கள் குற்றம் சாட்டுவதாய் நினைத்து.

குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்கள்:
"அடையாளப் பொருளொன்றில் எதிர்பாராத விளைவு.
மீளாய்வு தேவை."
எழுதினேன்.
அவள் பெயரையும் எழுதினேன்.
தங்கையின் பெயர் தெரியாததால் விட்டுவிட்டேன்.

மறுநாள் ஜூரோங் பாயிண்ட்டில்
அதே சிவப்பில் இருந்ததையெல்லாம் எடுத்தேன்,
பதினொரு குப்பி.
"கல்யாண வீடா?" என்றாள் கல்லாப் பெண்.
கணக்குப் பிரிவின் படிவம் கேட்டது:
ஆய்வா, கற்பித்தலா, தொழிலா?
ஒன்றைத்தான் தட்டலாம்.

ஒன்றும் ஆகாமலும் போகலாம்.
நீரோட்டமோ நிழலோ ஒரு மீனின் பசியோ
அந்த இரண்டு இலக்கங்களைச் சுத்தமாக்கியிருக்கலாம்.
கொட்டலசு எதிலும் கையெழுத்திடவில்லை.

நாளை செவ்வாய்.
படிவம் இன்னும் மேசையில்.
ஜுல்கிஃப்லி தகவல் அனுப்பியிருக்கிறார்:
பத்தரைக்கு அலை இறங்கும்,
வருவதானால் பழைய செருப்போடு வாருங்கள்.