தூப்னாவில் இரவு ஷிப்ட்

வோல்காவில் பனிக்கட்டி விரிசல் விடுகிறது.
ரூஃபினா தேநீரை ஆறவிட்டு மறந்திருக்கிறாள்.

நொடிக்கு லட்சம் கோடி கால்சியம் கருக்கள்
கியூரியத் தகட்டை நோக்கி.
அநேகம் தொடாமலே கடந்துபோகும்.
தொட்டவையும்
ஒட்டிக்கொண்டு அரைச் சுற்றுச் சுழன்று
கொடுக்கல் வாங்கல் தீருமுன்
பிய்த்துக்கொண்டு ஓடும்.
முழுக்கக் கலந்தவையோ
சூடு தாளாமல் இரண்டாகும்.

பதினேழு நாளாய் இதேதான்.

குறிப்பேட்டில் முந்தைய ஷிப்ட், லாவ்ர்.
விவாகரத்துக்குப் பிறகும் எழுத்து
அதே பக்கம் சாய்கிறது:
'கற்றை சீர். வேறொன்றுமில்லை.'

மூன்று நாற்பதுக்கு ஓர் ஆல்ஃபா.
அதே புள்ளியில் இன்னொன்று.
உடனே பிளவு.
இமைப்பொழுதில் பத்திலொரு பங்கு
ஏதோ ஒன்று
முழுசாய் இருந்திருக்கிறது.

அவன் வரிக்குக் கீழே
நேரம், ஆற்றல், பட்டை எண் எழுதுகிறாள்.
தொலைபேசியை எடுத்து,
தூங்கட்டும் என்று வைத்து,
மறுபடி எடுக்கிறாள்.