இடமிருந்து மூன்றாவது ஆள்

முப்பத்தொரு வருடம் கார்லோவாட்ஸ் நகரில்
பல் பிடுங்கியவள் நான்.
சரித்திரப் படத்தில் மற்றவர்கள் தேடுவது
ரோமானியன் மணிக்கட்டில் கடிகாரம்,
கோட்டைக்கு மேலே விமானம் போன புகைக்கோடு.
நான் வாயைப் பார்க்கிறேன்.

வாயெல்லாம் பொய்.

பதினான்காம் நூற்றாண்டு. கொள்ளைநோய்.
தெருவெங்கும் பிணம்.
ஜன்னலைத் திறந்து அழுகிற இளவரசிக்கு
முப்பத்திரண்டும் முத்து.
அவள் குதிரைக்காரனுக்கோ
மை தடவிக் கறுப்பாக்கிய முன்பற்கள்.
படக்காரர்களே, சர்க்கரை
அன்று யார் வீட்டில் இருந்தது?
சொத்தைப் பல் அரண்மனைச் சொத்து, ஐயா.
கறுப்பு ரொட்டி மென்றவன் பல்
தேய்ந்திருக்கும், இவ்வளவு அழுகியிருக்காது.
தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒருமுறை எழுதினேன்.
நன்றி என்று பதில் வந்தது,
அடுத்த மாத நிகழ்ச்சிப் பட்டியலோடு.

விருந்துக் காட்சிகளைக் கேட்கவே வேண்டாம்.
மான் தொடையைக் கிழிப்பார்கள்,
எலும்பை நாய்க்கு வீசுவார்கள்,
ஒருவராவது மென்று நான் பார்த்ததில்லை.
வசனம் பேச வாய் காலியாக இருக்க வேண்டுமாம்.

இன்னொன்று.
நூற்றைம்பது போராவது பார்த்திருப்பேன்,
ஒரு தளபதிக்கும் பல்வலி இல்லை.
கன்னம் வீங்கி, கிராம்பைக் கடித்தபடி
வரைபடத்தின் மேல் குனிந்தவன்
"சரி, தாக்குங்கள், எதையாவது தாக்குங்கள்" என்று
ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டானா?
எத்தனை எல்லைக்கோடு
ஒரு கடைவாய்ப்பல்லால் வளைந்ததோ.

என் கணவர் திஹோமிர் டாங்கிகளை எண்ணுபவர்.
"அது ஜெர்மன் டாங்கியே இல்லை,
ரஷ்யாக்காரனுடையது, தகரம் அடித்துச்
சிலுவை வரைந்திருக்கிறார்கள்" என்பார்.
எல்லாப் படத்துக்கும் இதையே சொல்வார்.
தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று
எனக்குச் சொல்பவரும் அவர்தான்.
வேறென்ன தெரியும் எனக்கு?

போன ஞாயிறு, மதியச் சூப்புக்குப் பின்,
பழைய தொடர் ஒன்றின் ஏழாம் பாகம்.
கறுப்பு வெள்ளை. அறுபத்தெட்டில்
எங்கள் மலைச்சரிவில் எடுத்தது.
எனக்குப் பதினொரு வயது அப்போது.
எரிப்பதற்கென்றே பலகையில் ஓர் ஊர் கட்டினார்கள்.
நிஜ ஊர் எரிந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.
இது அதைவிட நன்றாக எரிந்தது என்றார்கள்
இரண்டையும் பார்த்தவர்கள்.
பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை.

மரம் அறுக்கும் ஆலையிலிருந்து
என் அப்பா அன்ஜெல்கோ மூன்று நாள் போனார்.
மூன்று நாள் கூலி, ஒரு கம்பளி.
"நம்ம ஆட்களோடு நின்றேன்,
அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்" என்றார்.
அம்மா அந்தக் கம்பளியை நாய்க்குப் போட்டாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

திரையில் கூரை பற்றிக்கொண்டது.
எதிரிச் சிப்பாய்கள் வரிசையாய் நின்று
சிரிக்க வேண்டும். சிரித்தார்கள்.
எல்லாம் நல்ல பல்.
இடமிருந்து மூன்றாவது ஆள்
சிரிக்க ஆரம்பித்துச் சட்டென்று
இடது கையால் வாயை மூடிக்கொண்டான்.

மேல்வரிசை, கோரைப்பல் இருக்க வேண்டிய இடம்.
அந்த ஓட்டை எனக்குத் தெரியும்.
எண்பத்தைந்தில் அச்செடுத்து
நானேதான் அதற்குப் பல் கட்டினேன்.
எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.
ஒருமுறை குதிரை உதைத்தது என்றார்,
ஒருமுறை ஏணி.
ஒருமுறை, என் விரல் இன்னும் உள்ளே இருக்க,
தலையை மட்டும் ஆட்டினார்.
பல் போனால் சொல் போச்சு.

"யார் அது?" என்றேன்.
"ஜெர்மன்காரன்" என்றார் திஹோமிர்.
"பின்னால் நிற்கிற டாங்கி ரஷ்யன்."

மூன்று நொடி இருக்கும். அதற்குள் வேறு தெரு, வேறு நாள்,
யாரோ பாலத்தில் வெடி கட்டுகிறார்கள்.
தலைக்கவசம் தப்பாக இருக்கலாம், பொத்தானும்.
எரிகிற ஊர் முன்னால் நின்று
ஓட்டைப் பல்லுக்கு வெட்கப்பட்டதே, அந்தக் கை,
அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்று இருபதுக்கு
மறுபடி போடுகிறார்கள்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.
திஹோமிரை அதற்குள் தூங்க அனுப்ப வேண்டும்.