பின்னணி அளவு

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
சுண்ணாம்புக் கோடு, நைலான் கயிறு,
மூலைக்கு ஒரு முளைக்குச்சி.
ஊசிக்கல் வலசுக் கொறங்காடு இப்போது
ஆயிரத்து நானூற்றுப் பதினாறு கட்டம்.
ஒவ்வொன்றிலும் கருவியைத் தரையோடு தரையாக
நகர்த்த வேண்டும், நொடிக்கு ஒரு சாண் கூட ஆகாது.
முதல் வாரம் முதுகு முறையிட்டது.
பிறகு முதுகும் பேசுவதை விட்டது.

கடற்கரைக் கறுப்பு மணலை
ரயிலில் கொண்டுவந்து, லாரிக்கு மாற்றி,
இங்கே காய்ச்சி வடித்தார்களாம் ஒன்பது வருஷம்.
எடுத்தது எங்கோ போனது.
எடுக்காமல் விட்டது டிரம்மில் அடைபட்டு
இரண்டாள் ஆழத்தில் படுத்தது.
மேலே மண், மண்ணுக்கு மேல் கொழுக்கட்டைப் புல்,
சுற்றிலும் கம்பி, கம்பியில் ஓர் எச்சரிக்கைப் பலகை.
அதில் மண்டையோடு மட்டும் உதிர்ந்து
எலும்பு இரண்டும் பெருக்கல் குறியாய் மிச்சம்.

இருநூற்றுப் பன்னிரண்டு நடை லாரி போனது
தார்ப்பாய் கட்டி, ராத்திரியில்,
முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப்.
இட்டேரியின் கிளுவை வேலியை
இரண்டு பக்கமும் வெட்டித்தான் வழி கிடைத்தது.
தோண்டியவர்கள் மார்பு வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
அவரவர் ஊருக்குப் போனார்கள்.
கடைசியில் வருகிறவள் நான்.
இல்லை என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.

இல்லை என்று சொல்ல
எப்போதும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும்.
வேலிக்கு வெளியே போய் எடு என்றார்கள்.
பள்ளிக்கூடத்து மைதானம், வாய்க்கால் மதகு,
பஸ் நிற்கும் புளியமரம்.
மாராத்தாள் வீட்டுச் சமையலறையில் கருங்கல் தரை,
பின்னாலிருக்கிற கரட்டில் உடைத்தது.
கருவி படபடவென்று தட்டியது,
நாங்கள் சுத்தம் செய்த குழியைவிட ஒன்றரை மடங்கு.
"என்னங் சொல்லுது?"
ஒண்ணுமில்லீங், கல்லோட கொணம்,
பூமி உண்டான நாள்லிருந்தே இருக்கறது.
"அப்ப என்ற ஊட்டையும் தோண்டுவீங்களா?"
கேட்டுக்கொண்டே கடுகு தாளித்தாள்.
கொஞ்ச நேரம்
வெடிப்பது எது, தட்டுவது எது என்று தெரியவில்லை.

எண்ணூற்று எழுபத்துமூன்றாம் கட்டம் மட்டும் இறங்கவில்லை.
ஓரடி எடுத்தோம். மூன்றடி எடுத்தோம்.
அது வெள்வேலா மரத்தடி.
வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது.
உமேஷ் பொக்லைன் கையால் மெல்ல அசைத்து அசைத்து
பல் பிடுங்குகிற மாதிரி வேரோடு தூக்கினான்.
நடுவேரில் துருப்பிடித்த டிரம் வளையம்,
தடித்த கையில் கழற்ற வராத காப்பு போல
சதைக்குள் புதைந்து.
பதிவேட்டில் எழுதினேன்:
கழிவு. மரம், ஒன்று.
ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.
கூடு, இரண்டு. காலி.
அடிமரத்து வளையங்களை எண்ணினோம்.
நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா,
உமேஷுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.

மறுநாள் விடிய நாச்சிமுத்து வந்தார்.
"கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கெளை நீண்டிருந்துதுங்.
கோடையில காய் உதிரும்.
எங்கய்யன் காலத்திலிருந்து
ஆடெல்லாம் அதத் தின்னுதானுங் வளந்துது.
வித்ததெல்லாம் எங்க இருக்குதோ."

படிவத்தில் ஆட்டுக்குக் கட்டம் இல்லை.
ஆட்டைத் தின்றவர்களுக்கும் இல்லை.

ஒரு கிடாயைப் பிடித்து நிறுத்தினார்.
கழுத்தில், வயிற்றில், தொடையில் வைத்துப் பார்த்தேன்.
கருவியை அது நக்கியது.
பின்னணி அளவுதான்.
எழுதித் தரச் சொன்னார்.
ஆட்டுக்குச் சான்று கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது.
காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்
எண்ணை எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டேன்.
முன்பக்கம்: கீழ்நோக்கு நாள்.

வெள்ளிக்கிழமை கம்பியைச் சுருட்டினார்கள்.
நிலம் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்படுகிறது
என்ற தாளில் நான்காவது கையெழுத்து என்னுடையது.

பொழுது சாய ஆடுகள் வந்தன.
உள்ளே, போன மழைக்கு முளைத்த பச்சை.
ஒன்றும் உள்ளே போகவில்லை.
கம்பி இருந்த கோட்டில் வரிசையாய் நின்று,
கிளை இருந்த இடத்துக்குக் கீழே,
தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன.